மண் மொழி கற்பிக்குமா?
பிரான்சு சென்று பிரெஞ்சு கற்றல் பற்றிய ஒரு மறுப்பு

பிரெஞ்சு மொழியைச் செம்மையாகக் கற்க விழையும் ஒருவர் பிரான்சு நாட்டிற்கே சென்று வாழ வேண்டும் என்றும், அவ்வாறு வாழத் தலைப்பட்டால் நூலும் ஆசிரியரும் இன்றியே அம்மொழி நாளடைவில் அவரை வந்தடையும் என்றும் கூறும் ஒரு கொள்கை இன்று ஏறத்தாழ ஒரு முதுமொழியின் தகுதியைப் பெற்றுவிட்டது. மொழிப் பயணங்களை ஒழுங்குசெய்யும் நிறுவனங்கள் இதனை விற்கின்றன. குடிவரவு பற்றிச் சட்டஞ் செய்வோர் இதனை நம்புகின்றனர். பல்கலைக்கழக மாணவர் பலர் இதனைத் தமது முயற்சியின்மைக்கு ஒரு திரையாகக் கொள்கின்றனர். மேலைநாட்டார் இதனை அமிழ்தல் என்னும் உருவகத்தாற் சுட்டுவர். மொழி ஒரு நீர்நிலை. கற்போர் அதனுள் அமிழ வேண்டும். அமிழ்ந்தோர் நனைவது உறுதி என்பது அவ்வுருவகத்தின் உட்கிடை.

உருவகம் அழகியது, ஆனால் உருவகம் சான்றாகாது. நீரில் இறங்காமல் நீந்தக் கற்றல் இயலாது என்பது உண்மையே. நீரில் இறங்கிய அனைவரும் நீந்தக் கற்றனர் என்பது அதனின்று பெறப்படுமா? கரையேறியோர் தமது அனுபவத்தைப் பெருமையுடன் எடுத்துரைப்பர். ஆழ்ந்துபோனோர் சான்று கூற வருவதில்லை. அமிழ்தற் கொள்கையின் புகழ் பெரும்பாலும் இவ்வாறு ஒருதலைப்பட்சமாகத் திரட்டப்பட்ட சாட்சியங்களால் ஆயது. பிரான்சு செல்வதையோ அங்கு வாழ்வதாற் பெறும் பயனையோ மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மண்ணே ஆசிரியன் என்னும் கூற்றே இங்கு மறுக்கப்படுகின்றது. அக்கூற்று பொய்யானது என்பதோடு அமையாது, தீங்கானதும் ஆகும்.

முதற்கண் பிரான்சு நாட்டின் வரலாற்றையே நோக்குதல் தகும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794 ஆம் ஆண்டில், கிரெகுவார் என்னும் மதகுரு தேசியப் பேரவைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். நாட்டு மக்களுள், குறிப்பாகக் கிராமப்புறங்களில், குறைந்தது அறுபது இலட்சம் பேர் பிரெஞ்சு மொழியை அறியார் என்றும், ஏறத்தாழ அதே தொகையினர் அதிலே தொடர்ச்சியாக உரையாட வல்லரல்லர் என்றும், அதனைத் தூய்மையாகப் பேசுவோர் முப்பது இலட்சத்தினை விஞ்சார் என்றும் அவர் கணக்கிட்டார். பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க், அல்சாசிய மொழிகள் முதலியவற்றைப் பேசிய அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரான்சின் மண்ணிலேயே பிறந்து, அதன் காற்றையே சுவாசித்து, அதன் அரசனுக்கே வரி செலுத்தி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு மண் பிரெஞ்சு கற்பிக்கவில்லை. 1881 இலும் 1882 இலும் யூல் பெரி இயற்றுவித்த சட்டங்களின்வழி இலவசமானதும் கட்டாயமானதுமான ஆரம்பக் கல்வி ஏற்பட்ட பின்னரே பிரெஞ்சு மொழி அம்மக்களின் பிள்ளைகளைப் பரவலாகச் சென்றடைந்தது. அப்பாடசாலைகளில் தாய்மொழி பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஓர் அவமானச் சின்னத்தைத் தொங்கவிட்ட கொடுமையும் நிகழ்ந்தது. அதனைப் பாராட்டுவார் எவரும் இரார். எனினும் உண்மை உண்மையே. பிரெஞ்சுக்காரரையே பிரெஞ்சு பேசுவோராக்கியது பிரான்சு மண்ணன்று, பாடசாலை.

ஒரு மொழியின் நடுவே வாழ்ந்தும் அதனைக் கல்லாதிருத்தல் எத்துணை எளிது என்பதற்குக் கனடாவின் மொன்றியால் நகரினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கியூபெக் மாகாணத்தின் பெருநகராகிய அங்கு பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசுவோர். அந்நகரின் மேற்குப் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலேய வழியினரோ பல தலைமுறைகளாகப் பிரெஞ்சு மொழி காதில் விழும் தூரத்தில் வாழ்ந்தும் அதனைப் பேச அறியாது பிறந்து, வணிகஞ் செய்து, மறைந்தனர். கியூ மக்லெனன் 1945 இல் வெளியிட்ட நாவலுக்கு 'இரு தனிமைகள்' எனப் பெயரிட்டது இந்நிலையைக் கருதியே. தொழிற்சாலையும் வங்கியும் மேலாளர் பதவிகளும் ஆங்கிலத்தின் வசமிருந்த காலத்தில், ஆங்கிலம் பேசுவோனுக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. தேவைப்படாத மொழி அருகிலிருந்தும் அணுகவில்லை. 1977 ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது 101 ஆம் இலக்கச் சட்டம், பிரெஞ்சைத் தொழிலின் மொழியாகவும், குடியேறியோர் பிள்ளைகளுடைய கல்வியின் மொழியாகவும் ஆக்கியது. 1971 இன் குடிசன மதிப்பில் மூன்றிலொரு பங்கினரைச் சற்றே விஞ்சி நின்ற இருமொழியறிந்த ஆங்கிலேயர் தொகை, 2001 இல் மூன்றில் இரண்டு பங்கினை எட்டியது. இவ்விடைக்காலத்தில் மொன்றியால் இடம்பெயரவில்லை. அதன் மண்ணும் மாறவில்லை. மாறியது அதிகாரத்தின் நிலை. அதிகாரமும் தேவையுமே ஒருவனை மொழியின்பால் உந்துகின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதே நகரின் அயலிலேதான் அமிழ்தல் என்பது ஒரு கல்விமுறையாகவும் உருப்பெற்றது என்பது நோக்கத்தக்கது. சென் லம்பேர்ட் என்னும் புறநகரில் வாழ்ந்த ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், தம் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியினரால் சூழப்பட்டிருந்தும் பிரெஞ்சு அறியாது வளர்வதைக் கண்டு, 1965 ஆம் ஆண்டில் முழுவதும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் ஒரு பாலர் வகுப்பைத் தொடங்குவித்தனர். மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வொலஸ் லம்பேர்ட்டும் அவர்தம் துணைவர் றிச்சட் ரக்கரும் அதனை ஆராய்ந்து 1972 இல் ஒரு நூல் வெளியிட்டனர். அங்கிருந்து அம்முறை கனடா முழுவதும் பரவி, இலட்சக்கணக்கான மாணவரைச் சென்றடைந்தது. ஆனால் அப்பெற்றோரின் செயலின் பொருள் யாது? சூழல் கற்பிக்கும் என அவர்கள் காத்திருக்கவில்லை. சூழல் கற்பிக்கத் தவறிவிட்டமையாலேயே வகுப்பறையை நாடினர். அமிழ்தற் கொள்கையினர் தமது பெருஞ் சான்றாகக் காட்டும் சென் லம்பேர்ட் உண்மையில் அவர்களுக்கெதிரான சான்றேயாகும்.

இனி, அவ்வகுப்பறையின் பயன் யாதாயிற்று என்பதும் ஆராயத்தக்கது. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலே பாடங்கேட்ட மாணவர் கேட்டு விளங்குவதிலும் வாசித்து விளங்குவதிலும் தாய்மொழியாளருக்கு அண்மையில் வந்தனர். ஆனால் அவர்தம் பேச்சிலும் எழுத்திலும் பாற்பிழையும் வினைத்திரிபுப் பிழையும் நீங்கவில்லை. இதனை ஆராய்ந்த மெரில் சுவெயின் என்னும் கனடிய அறிஞர் 1985 இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டல் மட்டும் போதாது என்றும், தாம் கருதியதைத் துல்லியமாகக் கூறவேண்டிய நெருக்கடிக்குக் கற்போர் உள்ளாக வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கேட்போன் பொருளை ஊகித்து அமைதியடையலாம். சொல்வோன் வடிவத்தைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். பயிற்றப்பட்ட ஆசிரியரின் முன்னிலையில், ஆறேழு ஆண்டுகள் அமிழ்ந்திருந்த பிள்ளைகளுக்கே இவ்வாறாயின், ஒரு விடுதியறையில் ஆறு மாதம் தங்கிச் செல்லும் இளைஞனுக்கு வீதி என்னதான் கற்பிக்கும்?

பிரெஞ்சு மொழியின் இயல்பே இவ்விடத்துத் தடையாய் நிற்கின்றது. தமிழில் எழுதியவாறே பெரும்பாலும் வாசிக்கிறோம்; பிரெஞ்சிலோ சொல்லின் இறுதியெழுத்துக்கள் பல ஒலிப்பதில்லை. பேசுதல் என்னும் பொருள்படும் வினை, தன்மை ஒருமையிலும், முன்னிலை ஒருமையிலும், படர்க்கை ஒருமையிலும், படர்க்கைப் பன்மையிலும் செவிக்கு 'பார்ல்' என்றே கேட்கும். எழுத்திலோ மூன்று வேறு வடிவங்கள் தோன்றும். அதே வினையின் பெயரெச்ச வடிவமும், முன்னிலைப் பன்மை வடிவமும், வினைப்பெயர் வடிவமும் 'பார்லே' என ஒன்றாகவே ஒலிக்கும். எழுத்தில் மூன்றும் வேறு. செவிவழி மட்டும் கற்றவன் இவ்வேறுபாடுகள் உள என்பதையே அறியான். இல்லை என்று காதுக்குத் தோன்றுவதை எவ்வாறு காதாற் கற்பது? மேலும், எதிர்மறையை உணர்த்தும் இரு சொற்களுள் முன்னதைப் பேச்சுப் பிரெஞ்சு பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. எழுத்துப் பிரெஞ்சு அதனைக் கைவிடவில்லை. கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் வழங்கும் ஓர் இறந்தகால வடிவம் அன்றாடப் பேச்சில் வழங்குவதேயில்லை. பாரிசு நகரின் கடைத்தெருவில் இருபதாண்டு திரிந்தாலும் அது காதில் விழாது.

பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறாய் நிற்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட தமிழருக்கு இது புதுமையன்று. யாழ்ப்பாணச் சந்தையிற் பத்தாண்டு காலம் வணிகஞ் செய்யும் பிறமொழியாளன் ஒருவன் விலை பேசக் கற்பான், வாய்ச்சண்டையும் பிடிப்பான். அக்காரணத்தால் அவன் ஒரு தமிழ்க் கட்டுரையை எழுதவோ, ஒரு சங்கப் பாடலுக்குப் பொருள் காணவோ வல்லனாவான் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. தமிழைப் பற்றி எதிர்பார்க்காத அதிசயத்தைப் பிரெஞ்சைப் பற்றி மட்டும் எதிர்பார்ப்பது ஏன்?

தமிழகக் கடற்கரையின் வரலாறு இதற்கொரு நல்ல உரைகல்லாகும். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகர் பலர் சென்னையிலும் புதுச்சேரியிலும் நாகப்பட்டினத்திலும் நெடுங்காலம் வாழ்ந்தனர். அவர்கள் தமிழின் நடுவே அமிழ்ந்திருந்தோரே. ஆயினும் துபாசி என்னும் இருமொழியாளரின் பதவி அக்காலமெங்கும் செழித்து நின்றது. துப்ளேக்சுக்குத் துபாசியாய் விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு அப்பதவியின் செல்வாக்குக்கு நிலையான சான்று. எசமானர் பலர் மொழியைக் கற்றிலர். கற்க வேண்டிய நிலை ஏவலருக்கே இருந்தது. இவர்களோடு வீரமாமுனிவரை ஒப்பிடுக. அவரும் கடல்கடந்து வந்தவரே. ஆனால் அவர் மண்ணை நம்பியிருக்கவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடங்கேட்டார் என்பது மரபுவழிச் செய்தி. கொடுந்தமிழ் வேறு, செந்தமிழ் வேறு என உணர்ந்து இரண்டுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். ஒரே மண்ணில் வாழ்ந்த இரு சாராருள் ஒரு சாரார் துபாசியை அமர்த்தினர். மற்றவர் தேம்பாவணியை இயற்றினார். இவ்வேறுபாட்டை விளக்க மண் உதவாது, கல்வியே உதவும்.

ஆசிரியரின்றி வெறும் வாழ்வாற் கற்போரின் மொழி எங்கே சென்று நிற்கும் என்பதை ஐரோப்பிய அறிவியல் மன்றம் 1980 களில் நடத்திய பேராய்வு காட்டியது. பிரான்சு, ஜேர்மனி, பிரித்தானியா, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளில் வளர்ந்தோராய்ச் சென்று குடியேறிய நாற்பது தொழிலாளரின் பேச்சு ஆண்டுக்கணக்காக ஆராயப்பட்டது. பிரான்சில் ஆராயப்பட்டோர் அரபும் ஸ்பானியமும் பேசுவோர். வொல்வ்காங் கிளைன், கிளைவ் பெர்டியூ ஆகிய இருவரும் 1997 இல் இவ்வாய்வின் பெறுபேறுகளைத் தொகுத்துரைத்தனர். எந்நாட்டினராயினும் கற்போர் அனைவரும் முதலில் ஒரே வகையான எளிய மொழியொன்றை அமைத்துக்கொள்கின்றனர். அதில் வினைச்சொல் திரிபடைவதில்லை. காலமும் இடமும் தனிச்சொற்களால் உணர்த்தப்படும். அது அறிவார்ந்த ஒரு படைப்பே. வேலைத்தளத்துக்கும் கடைக்கும் அது போதும். ஆனால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அப்படியைத் தாண்டவேயில்லை. போதும் என்பதே அம்மொழியின் வலிமை. அதுவே அதன் சிறையும் ஆகும். வாழ்க்கை கற்பிப்பது வாழ்க்கைக்குப் போதிய அளவையே. அதற்கு மேற்பட்டதைக் கற்பிக்க வாழ்க்கைக்கு நேரமில்லை.

எழுத்தாளர் அகொத்தா கிறிஸ்தோவின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். 1956 இல் ஹங்கேரியிலிருந்து கைக்குழந்தையுடன் தப்பிச் சென்று, சுவிற்சர்லாந்தில் பிரெஞ்சு வழங்கும் நெசாத்தெல் நகரை அடைந்த அவர், ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இயந்திரங்களின் இரைச்சலிற் பேச்சுக்கு இடமில்லை. ஐந்தாண்டுகளின் பின் அவருக்குப் பிரெஞ்சு பேச வந்தது, வாசிக்க வரவில்லை. நான்கு வயதிலேயே வாசிக்கக் கற்றிருந்த அவர், அந்நாட்டில் எழுத்தறியாதவராய் நின்றார். 2004 இல் வெளிவந்த தமது தன்வரலாற்று நூலுக்கு 'எழுத்தறியாதவள்' என்றே பெயரிட்டார். அவரை மீட்டது அம்மண்ணிற் கழிந்த ஆறாவது ஆண்டோ ஏழாவது ஆண்டோ அன்று. நெசாத்தெல் பல்கலைக்கழகம் பிறமொழியாளருக்கு நடத்திய பிரெஞ்சு வகுப்பு. அதன் பின்னரே 1986 இல் 'பெரிய குறிப்பேடு' என்னும் நாவல் பிறந்தது. ஐந்தாண்டு அமிழ்தல் செய்யாததை ஒரு வகுப்பறை செய்தது.

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். 1967 இல் ஜோன் கரல் என்னும் அறிஞர் அமெரிக்கக் கல்லூரிகளில் பிறமொழிகளைச் சிறப்புப்பாடமாகப் பயின்ற மாணவரை ஆராய்ந்து, அம்மொழி வழங்கும் நாட்டிற் சிறிது காலம் வாழ்ந்தோர் வாழாதோரிலும் மேம்பட்டு நின்றனர் என்று கண்டார். இது மறுக்கத்தக்கதன்று, மறுக்க வேண்டியதுமன்று. ஆயின் அவர் ஆராய்ந்தோர் யாவர்? கல்லூரியில் அம்மொழியை ஆண்டுக்கணக்கில் இலக்கணத்துடன் பயின்றோர். அவர்கள் வெறுங்கையுடன் செல்லவில்லை. பின்னாளில், 1995 இல், பார்பரா பிரீட் தொகுத்த ஆய்வுகளும் இத்தகைய பயணங்கள் பேச்சின் விரைவையும் தயக்கமின்மையையும் வளர்த்தல் தெளிவு என்றும், இலக்கணச் செம்மையைப் பொறுத்தவரை நன்மை அத்துணைத் தெளிவன்று என்றும் காட்டின. எனவே பயணம் விதைத்த வயலுக்குப் பெய்யும் மழையாகும். விதையாத வயலுக்கும் மழை பெய்யும், முளைப்பது களையே.

பிறநாட்டிற் பிறந்து பிரெஞ்சு இலக்கியத்தில் இடம்பெற்றோரை எடுத்துக்காட்டுவோரும் உளர். சாமுவேல் பெக்கற் பாரிசிலே வாழ்ந்து பிரெஞ்சிலே எழுதினார் என்பர். அவர் 1923 முதல் 1927 வரை டப்ளின் திரினித்தி கல்லூரியிற் பிரெஞ்சும் இத்தாலியமும் முறையாகப் பயின்று பட்டம் பெற்ற பின்னரே 1928 இற் பாரிசு சென்றார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. உருமேனியரான எமில் சியோரான் 1937 இற் பாரிசை அடைந்தார். அவருடைய முதற் பிரெஞ்சு நூல் 1949 இலேயே வெளிவந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும், அந்நூலை அவர் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதிய உழைப்பும் காற்றில் வந்தனவல்ல. நமது பக்கத்து நாட்டிலோ தொரு தத் என்னும் வங்கப் பெண் 1869 இற் பிரான்சின் நீஸ் நகரில் சில மாதங்களே பள்ளி சென்றார். இங்கிலாந்தில் வாழ்ந்து கல்கத்தா மீண்ட பின்னரும் பிரெஞ்சை விடாது பயின்று, 1877 இல் இருபத்தோராவது வயதில் இறந்தார். அவர் பிரெஞ்சில் எழுதிவைத்த நாவல் 1879 இற் பாரிசிலேயே அச்சேறியது. மாதக்கணக்கு எங்கே, நாவல் எங்கே?

சிறுபிள்ளைகள் எவரும் கற்பியாமலே பிரெஞ்சைப் பற்றிக்கொள்கின்றனரே என்பது மற்றொரு வாதம். பிரான்சில் குடியேறியோரின் பிள்ளை காலையிற் பாடசாலை சென்று மாலையில் மீள்கின்றது. அதற்கு ஆசிரியர் உளர். சொல்வதெழுதலும் வினைத்திரிபு மனனமும் உள. தவறு செய்தாற் சிவப்பு மை உண்டு. கூடி விளையாடத் தோழர் உண்டு. அவர்கள் அப்பிள்ளையை விளித்துப் பேசுகின்றனர். பிள்ளைக்கு இளமையின் துணையும் உண்டுதான். ஆனால் பத்தாண்டு முழுநேரக் கல்வியை மறைத்துவிட்டு, தானே கற்றது என்று வியப்பது கண்ணிருந்தும் காணாமையாகும்.

அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள மிடில்பெரிக் கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப்பள்ளிகளை நடத்திவருகின்றது. பிரெஞ்சுப் பள்ளி 1916 இல் தோன்றியது. அங்கு சேர்வோர் பயிற்சி முடியும்வரை தாம் கற்கும் மொழியையன்றி வேறொன்றும் பேசுவதில்லை என உறுதிமொழி கொடுக்கின்றனர். ஆங்கிலம் வழங்கும் மாநிலத்தின் நடுவே, காலையில் வகுப்பும் மாலையில் அதே மொழியில் உணவும் உரையாட்டும் நாடகமுமாக அவர்கள் வாழ்கின்றனர். இதற்கு மாறாக, பாரிசு சென்ற மாணவன் தன் நாட்டவருடன் அறையைப் பகிர்ந்து, பிறநாட்டு மாணவருடன் ஆங்கிலத்தில் உரையாடி, கைத்தொலைபேசியில் தாய்மொழிப் படங்களைக் கண்டு ஓராண்டைக் கழித்தல் இன்று மிக எளிது. முன்னவன் பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சினுள் வாழ்கின்றான். பின்னவன் பிரான்சினுள் பிரெஞ்சுக்கு வெளியே வாழ்கின்றான். மொழிச்சூழல் என்பது நிலப்படத்தில் உள்ளதன்று. மனிதர் தமக்கிடையே ஏற்படுத்திக்கொள்ளும் ஒழுங்கில் உள்ளது.

இக்கொள்கை பொய் என்பது மட்டுமாயின் அதனைப் பொருட்படுத்தாது விடலாம். அது விளைக்கும் தீங்கு இருவகைத்து. முதலாவது, அது வறியோர்மேற் பழி சுமத்துகின்றது. 1983 இன் பின் இலங்கையை விட்டு நீங்கிய தமிழருட் பல்லாயிரவர் பிரான்சை அடைந்தனர். பாரிசின் வடக்குப் புகையிரத நிலையத்தின் அயலிலுள்ள லா சப்பல் பகுதியும் புறநகர் சென்-தெனி வீதியும் அவர்தம் கடைகளால் நிறைந்தன. அவருட் பலர் உணவகங்களின் பின்கட்டிற் கோப்பை கழுவியும் காய்கறி நறுக்கியும் உழைத்தனர். அவ்வாறு பதினைந்து ஆண்டு உழைத்த ஒருவருக்கு ஏன் பிரெஞ்சு சரியாக வரவில்லை எனக் கேட்போர், அவரிடம் பிரெஞ்சில் யார் பேசினர், எதைப் பற்றிப் பேசினர், எத்தனை வாக்கியம் பேசினர் எனக் கேட்பதில்லை. ஏவலும் ஏச்சும் ஒருமையில் வந்தன. அவர் கற்றதும் ஒருமையே. அவ்வொருமையை அரச அலுவலரிடம் வழங்கும்போது அது மரியாதையின்மையாகக் கொள்ளப்படுகின்றது. நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மொழியில் நுண்ணிதின் அறிந்த ஒருவர், தமக்கு எவரும் காட்டாத மரியாதைச் சொல்லை எங்கிருந்து கற்பார்?

புகலிடங் கோரியோர் தமது கோரிக்கை ஏற்கப்படும்வரை அரசு நடத்தும் மொழிவகுப்புக்கு உரியரல்லர். தொண்டு அமைப்புகளின் வகுப்புகளே அவர்களுக்குத் துணை. முதல் ஆறு மாதங்கள் வேலை செய்யவும் அனுமதியில்லை. ஆகவே கற்பிப்பாருமின்றி, பேசுவாருமின்றி அவர்கள் காத்திருக்கின்றனர். ஆனால் தேர்வின் அளவுகோலோ ஆண்டுக்காண்டு உயர்கின்றது. 2024 ஜனவரி 26 ஆம் திகதிய குடிவரவுச் சட்டத்தைத் தொடர்ந்து, 2026 ஜனவரி 1 முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் பி1 நிலையும், குடியுரிமைக்குப் பி2 நிலையும் வேண்டப்படுகின்றன. குடியுரிமைக்கு முன்பு பி1 நிலையே போதுமாயிருந்தது. பி2 என்பது கருத்தொன்றை நிறுவி, மறுத்து, எழுதிக் காட்டும் நிலை. அது கோப்பை கழுவுமிடத்திற் கிடைப்பதன்று. கற்பிக்கும் கடமையை முற்றாக ஏலாது, கற்றிருக்க வேண்டும் என்று மட்டும் கட்டளையிடும் அரசுக்கு, மண்ணே கற்பிக்கும் என்னும் கொள்கையினும் வாய்ப்பான துணை வேறில்லை. கற்கவில்லையா? எனின் நீ சோம்பேறி, இணைய விரும்பாதவன். பாடசாலையின் தோல்வி இவ்வாறு தனிமனிதனின் குற்றமாக மாற்றப்படுகின்றது.

இரண்டாவது தீங்கு இங்கேயே நிகழ்கின்றது. பிரான்சுக்குச் செல்ல இயலாதவன் பிரெஞ்சு கற்கவும் இயலாதவன் என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றுகின்றது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து செல்லும் மாணவருக்கு இளங்கலைக்கு ஆண்டுக்கு 2770 யூரோவும் முதுகலைக்கு 3770 யூரோவும் எனப் பிரான்சு தனிக்கட்டணம் விதித்தது. பல்கலைக்கழகங்கள் பல விலக்களித்தனவாயினும் வாடகையும் உணவும் பயணமும் விலக்கப்படுவதில்லை. மண்ணே ஆசிரியன் எனின், அவ்வாசிரியனிடம் பயில்வதற்கு வேண்டிய முதற் தகுதி பணமாகின்றது. செல்வர் வீட்டுப் பிள்ளை அமிழ்வான். ஏனையோர் கரையில் நிற்பர். அதனிலும் கேடு, கரையில் நிற்பவன் தன் கையிலுள்ள நூலையும் கீழே வைத்துவிடுகின்றான். களனிப் பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சு ஒரு பாடமாகவுள்ளது. கொழும்பிலும் கண்டியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் உள. பிரெஞ்சு வானொலியும் செய்தித்தாளும் இன்று எவர் கையிலும் வந்து சேர்கின்றன. முந்திய தலைமுறையினர் ஓர் அகராதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களுக்கில்லாத வாய்ப்பெல்லாம் வாய்த்தும், விசா வரட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவனுக்கு விசா வந்தாலும் மொழி வராது.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. பிரெஞ்சு கற்க விழையும் மாணவர், இலக்கணத்தையும் வாசிப்பையும் எழுத்தையும் புறப்படுமுன் இங்கேயே அடித்தளமாக இடுதல் வேண்டும். பயணம் கல்வியின் தொடக்கமாகாது அதன் நிறைவாதல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் பிறமொழித் துறைகள், வாரத்திற் சில மணி நேரமேனும் மிடில்பெரியின் உறுதிமொழியைத் தமது வளாகத்திலேயே நடைமுறைப்படுத்தல் வேண்டும். அதற்கு வேண்டியது கப்பற்செலவன்று, கட்டுப்பாடே. மொழித்தேர்வை விதிக்கும் அரசு எதுவாயினும், அத்தேர்வின் நிலைவரை கற்பிக்கும் வகுப்பையும், அவ்வகுப்புக்குச் செல்ல வேலை நேரத்தில் விடுதலையையும் முதலில் வழங்குதல் வேண்டும். கற்பியாது தேர்வு வைத்தல் எந்தப் பாடசாலையிலும் அநீதியெனப்படும். எல்லைக் கடவையிலும் அதற்கு வேறு பெயரில்லை.

மொழி மண்ணில் விளைவதன்று. மனிதர் ஒருவரையொருவர் மதித்துப் பேசுமிடத்தில், ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்கப் பொறுமை கொள்ளுமிடத்தில், கற்போர் தம் பிழையைக் கண்டு திருந்தும் உழைப்பில் விளைவது. இம்மூன்றும் இல்லாவிடத்துப் பாரிசும் ஒரு பாலைவனமே. இம்மூன்றும் உளவாயின், வன்னியின் ஒரு சிற்றூரிலும் பிரெஞ்சு தழைக்கும்.